சிமுலேட்டர் தேர்வில் அநீதி நடந்தால் என்ன செய்வது?

விமானிகள் ஆண்டுக்கு இருமுறை எதிர்கொள்ளும் சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டுவது போன்ற சூழலைத் தரும் இயந்திரம்) தேர்வைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தேர்வின் கடினத்தை விட்டுவிட்டு, அந்த அறைக்குள் தாங்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியே பேசின. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களையும் நிறுவனங்களையும் தவிர்த்து, சில கடிதங்களுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். அண்மையில் நடந்த திறன் தேர்வில், வி-1 வேகத்தில், அதாவது அதைத் தாண்டினால் புறப்பாட்டைக் கைவிடக் கூடாது என்னும் வேகத்தில், என்ஜின் செயலிழந்தது. அதைச் சமாளித்துச் செக்லிஸ்ட் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குத் தொடர்பே இல்லாத ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) கோளாறு ஒன்று வந்தது. ஒற்றை என்ஜினில் இறங்கிவரும்போது ஆட்டோபைலட்டும் துண்டிக்கப்பட்டது. இடையிடையே "உங்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது?" என்று தேர்வாளர் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். முடிவில் "போதிய தரம் இல்லை" என்று ஒரே வரி எழுதித் தோல்வி என்று அறிவித்துவிட்டார். என்மீது தவறா, அவர்மீது தவறா என்று எனக்கே தெரியவில்லை. இது அநீதி என்றால் அதை எப்படி நிரூபிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தேர்வு கடினமாக இருந்தது, தேர்வாளர் மரியாதைக் குறைவாகப் பேசினார், தீர்ப்புக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்ற இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முறையிட்டால், நிர்வாகம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு "கடினமாக இருந்தது என்கிறார்" என்று கோப்பை மூடிவிடும். ஆகவே மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கையில் இருப்பவற்றில் வலுவானது அதுதான்.

திறன் தேர்வு என்பது தேர்வாளரின் மனப்பதிவைக் கேட்கும் இடமன்று. அளவுகோல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் உரிம விதிகளை எடுத்துக்கொண்டால், பொதுவாக உயரத்தில் 100 அடி வரையிலும், எல்லா என்ஜின்களும் இயங்கும்போது வேகத்தில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வரையிலும், திசையில் 5 பாகை வரையிலும் கூடுதல் குறைவு ஏற்கப்படுகிறது. ஓர் என்ஜின் செயலிழந்த நிலையில் திசைக்கான வரம்பு 10 பாகையாகத் தளர்கிறது. வேகம் 10 நாட் கூடலாம், 5 நாட்டுக்கு மேல் குறையக் கூடாது. காற்றின் கொந்தளிப்பையும் அந்த விமானத்தின் இயல்பையும் கருத்தில் கொண்டு தேர்வாளர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பல விமானிகள் இயக்கும் விமானங்களுக்கான தேர்வில் ஐந்துக்கு மேற்பட்ட பகுதிகளில் தவறினால்தான் முழுத் தேர்வையும் மீண்டும் எழுத வேண்டும். ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் தவறிய பகுதிகளை மட்டும் திரும்பச் செய்தால் போதும். அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பயிற்சியில் விமானி தவறினால் தேர்வின் நடுவிலேயே அவருக்குக் கூடுதல் பயிற்சி தந்து அதைத் திரும்பச் செய்யவைக்கவும் தேர்வாளருக்கு அனுமதி தருகிறது. உங்களுக்குப் பொருந்தும் விதி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், இத்தகைய ஓர் அளவுகோல் அதில் இருக்கும். எந்தப் பகுதியில், எந்த வரம்பை, எவ்வளவு மீறினீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. "போதிய தரம் இல்லை" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. ஐரோப்பிய விதியின்படி, தோல்வி என்றோ பகுதித் தேர்ச்சி என்றோ அறிவிக்கும் தேர்வாளர், மேற்கொண்டு என்ன பயிற்சி தேவை என்பதை விளக்கவும், மேல்முறையீடு செய்யும் உரிமை விமானிக்கு உண்டு என்பதை எடுத்துச் சொல்லவும் கடமைப்பட்டவர். அதை அவர் சொல்லவில்லை என்றால், அதுவே முறையீட்டில் இடம்பெற வேண்டிய ஒரு குறை.

அடுத்து, அடுக்கடுக்காக வந்த கோளாறுகளுக்கு வருவோம். தேர்வாளரின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள தொடுதிரையில் கோளாறுகள் பட்டியலாக நிற்கின்றன. விரல் பட்டால் என்ஜின் அணையும், இன்னொரு முறை பட்டால் ஹைட்ராலிக் அழுத்தம் விழும். இவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தத்தான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோளாறுகளைத் திறன் தேர்வில் ஒரே நேரத்தில் தரக் கூடாது என்பதைத் தேர்வாளர்களுக்கான வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. என்ஜின் போனதால் அதைச் சார்ந்த ஜெனரேட்டரும் போனது என்றால் அது ஒரே கோளாறின் தொடர்ச்சி. அதில் குறை சொல்ல முடியாது. ஆட்டோபைலட் இல்லாமல் ஒற்றை என்ஜினில் கையாலேயே இறக்கிக் காட்டுவதும் பல தேர்வுகளின் கட்டாயப் பகுதிதான். ஆகவே உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை நான் முறையீட்டில் சேர்க்கமாட்டேன். ஆனால் சம்பந்தமே இல்லாத ஹைட்ராலிக் கோளாறு, முதல் கோளாறுக்கான செக்லிஸ்ட் முடியும் முன்பே தரப்பட்டது என்றால் அதைக் கேள்வி கேட்கலாம்.

இதைத் தனிமனிதரின் மனக்குறை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு விபத்தை நினைவூட்டுவேன். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், செங்குத்து வால் பிய்ந்து விழுந்து நொறுங்கியதில், தரையில் இருந்த ஐவர் உட்பட 265 பேர் இறந்தார்கள். துணை விமானி தேவைக்கு மீறி, வாலில் உள்ள சுக்கானை இடமும் வலமுமாக மிதித்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. அந்த ஏர்பஸ் விமானத்தின் சுக்கான் அமைப்பையும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளையும் துணைக் காரணங்களாக அது சேர்த்துச் சொன்னது. அந்தத் திட்டத்தின் சிமுலேட்டர் பயிற்சி ஒன்றில், விமானம் பெரிதாகச் சாயும் வரை விமானியின் கட்டுப்பாட்டுக்கு அது சிறிது நேரம் செவிசாய்க்காதபடி அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சியைக் கடுமையாக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் உண்மையான விமானத்தில் நடக்காத ஒன்றை அது உடம்புக்குப் பழக்கிவிடக்கூடும். உண்மைக்குப் புறம்பான சிமுலேட்டர் பயிற்சியால் பாதிக்கப்படுபவர் அன்றைக்கு அந்த இருக்கையில் இருந்தவர் மட்டும் என்று எண்ண வேண்டாம்.

மரியாதைக் குறைவான பேச்சைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது சிறியது என்பதால் அன்று. நிரூபிக்கக் கடினம் என்பதால்தான். அந்த வாசகத்தை அவர் சொன்னபடியே, எந்தக் கட்டத்தில் சொன்னார் என்பதோடு எழுதிவையுங்கள். "அவமானப்படுத்தினார்" என்று எழுதுவதைவிட, "ஒற்றை என்ஜினில் 1,500 அடியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டார்" என்று எழுதுவது வலுவானது. ஏனெனில் அந்த நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி தேர்வின் போக்கையே பாதித்தது என்று வாதிட முடியும்.

நடைமுறையாகச் செய்ய வேண்டியது இது. அன்றிரவே, தூக்கம் வருவதற்கு முன்பு, நடந்ததை வரிசைப்படி எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் கோபம்தான் வரிசையைத் தீர்மானிக்கும். மற்ற இருக்கையில் இருந்த விமானியிடம், உங்கள் குறிப்பைக் காட்டாமல், அவருக்கு நினைவிருப்பதைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல சிமுலேட்டர்களில் இறங்குபாதையின் வரைபடமும், உயரம், வேகம் முதலியவற்றின் பதிவும் எடுக்க முடியும். அவை அழிக்கப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தேர்வுப் படிவத்தில் கையொப்பமிட மறுக்க வேண்டாம். மறுத்தால் பேச்சு வேறு திசையில் போய்விடும். "படித்தேன், மதிப்பீட்டை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு இருக்கும். நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் அதைப் பார்த்துவிட்டு, அதற்குள் மறுதேர்வை வேறொரு தேர்வாளரிடம் கேளுங்கள்.

மறுதேர்வில் நீங்கள் உண்மையிலேயே தடுமாறினால், அதையும் ஏற்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மோசமாக நடத்தப்பட்ட ஒருவர் அன்றைக்கு மோசமாகவும் ஓட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க இயலும்.

கேள்வி: எனக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குத் தேர்வு வைத்தார்கள். எனக்கு இணையாக வரவேண்டிய துணை விமானி வராததால், இன்னொரு கேப்டனை வலப்பக்க இருக்கையில் உட்காரவைத்தார்கள். சிமுலேட்டரின் சுக்கான் மிதியும் கனமாக இருந்தது. தேர்ச்சி பெற்றுவிட்டேன், ஆனால் குறைந்த மதிப்பெண். முறையிடுவதில் பயன் உண்டா?

பதில்: தேர்ச்சி பெற்ற பிறகு முறையிடுவது பலருக்கு வீண் வேலையாகத் தோன்றும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்து அதே நேரத்தில் அதே இயந்திரத்தில் உட்காரப்போகிறவர் இன்னொருவர்.

சிமுலேட்டர்கள் விலை உயர்ந்தவை; அதனால் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. பின்னிரவு இரண்டு முதல் ஆறு மணி வரையிலான நேரத்தில் மனிதனின் விழிப்பு நிலை மிகவும் தாழ்ந்திருக்கும் என்பது களைப்பு மேலாண்மைப் பாடத்தில் ஒவ்வொரு விமானிக்கும் சொல்லித்தரப்படுவது. தேர்வுக்கு முன்னால் ஒரு மணி நேர விளக்கம், நான்கு மணி நேரம் சிமுலேட்டர், அதன்பின் கலந்துரையாடல் என்று கணக்கிட்டால், பொழுது விடிந்துதான் வெளியே வருவீர்கள். பாடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு அட்டவணையில் இன்னொன்றைச் செய்வதை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். நேரத்தை மாற்ற முடியாவிட்டாலும், முந்தைய நாள் ஓய்வாவது உறுதிப்பட வேண்டும்.

இருக்கை மாற்றமும் சிறிய விஷயமன்று. வலப்பக்கத்தில் அன்றாடம் அமராத ஒருவர், துணை விமானியின் அழைப்புகளையும் வேலைப் பங்கீட்டையும் தாமதமாகத்தான் செய்வார். அந்தத் தாமதம் உங்கள் மதிப்பெண்ணில் இறங்கக் கூடாது. தொடக்கத்திலேயே இதைத் தேர்வாளரிடம் சொல்லி, குறிப்பில் பதியச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

மிதி கனமாக இருந்தது என்பதற்கு, உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டிய ஓர் ஏடு இருக்கிறது. ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் அதன் நிலுவைக் கோளாறுகளைக் குறிக்கும் பதிவேடு உண்டு. அதில் அந்தக் குறை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்தது. எழுதப்படவில்லை என்றால், வெளியே வருவதற்கு முன் நீங்களே எழுத வேண்டும். தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து இயந்திரத்தைக் குறை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: எனக்குப் பயிற்சி தந்தவரே தேர்வாளராகவும் வரப்போகிறார். "இவர் தேறமாட்டார்" என்று ஓய்வறையில் அவர் சொன்னதாக நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தேர்வுக்கு முன்பே வேறு தேர்வாளரைக் கேளுங்கள். ஐரோப்பிய விதியில், ஒரு தகுதியைப் பெறுவதற்கான பறத்தல் பயிற்சியில் 25 சதவீதத்துக்கு மேல் தந்தவர், அதே தகுதிக்கான திறன் தேர்வை நடத்தக் கூடாது என்று இருக்கிறது. தமது நடுநிலை பாதிக்கப்படலாம் என்று தோன்றும் எந்தத் தேர்விலிருந்தும் தேர்வாளர் தாமே விலக வேண்டும் என்றும் இருக்கிறது. ஓய்வறைப் பேச்சைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அது நண்பர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிடும். பயிற்சியும் தேர்வும் ஒருவரிடமே அமைவதை மட்டும் காரணமாகக் காட்டுங்கள், அது போதும்.

கேள்வி: நான் விமானி அல்ல; அடிக்கடி விமானத்தில் செல்லும் பயணி. விமானிகளுக்கு மனம் நோகாமல் தேர்வு வைக்க வேண்டும் என்று நீங்கள் பேசுவது எனக்குக் கவலை தருகிறது. திட்டு வாங்கினாலே தடுமாறுபவர் உண்மையான ஆபத்தில் என்ன செய்வார்?

பதில்: உங்கள் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407 விமானத்தின் கேப்டன், அதற்கு முன்பு பல தேர்வுகளில் தவறியவர். அவற்றில் சிலவற்றை வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர் தெரிவிக்கவில்லை. 50 பேர் இறந்தார்கள். 2019 பிப்ரவரி 23 அன்று ஹூஸ்டனை நெருங்கும்போது விழுந்த அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானத்தில் மூவர் இறந்தனர். அதன் துணை விமானி முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் தவறியதை மறைத்திருந்தார் என்பதைப் புலனாய்வு அறிக்கை பதிவு செய்தது. தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லும் துணிவு தேர்வாளருக்கு வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் அந்த இரண்டு விபத்துகளையும் இன்னொரு முறை பாருங்கள். அங்கே குறைந்தது கடுமை என்று தோன்றவில்லை. தவறியவர்களைத் தவறியவர்கள் என்று யாரோ சரியாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட்டது அடுத்த நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவில் விமானிகளின் பதிவுகளுக்கென ஒரு பொதுத் தரவுத்தளம் ஏற்படுத்தப்பட்டது. ஒரு விமானியின் தோல்வி இனி அவரை வாழ்நாள் முழுவதும் தொடரும் என்றால், அந்தத் தோல்வி நேர்மையான அளவீடாக இருக்க வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. விருப்பு வெறுப்பால் போடப்பட்ட தோல்விகள் கலந்துவிட்டால், உண்மையான தோல்வியைக்கூட "அந்தத் தேர்வாளர் அப்படித்தான்" என்று ஆள் எடுப்பவர்கள் ஒதுக்கித் தள்ளப் பழகிவிடுவார்கள்.

திட்டைத் தாங்குவதைப் பொறுத்தவரை, விமானத்தில் என்ஜின் தீப்பிடித்தால் அது விமானியைத் திட்டுவதில்லை. அவர் பழக வேண்டியது தீக்குத்தான்.

கேள்வி: நான் பயிற்றுநர். நிலைமை மறுபக்கமும் இருக்கிறது என்பதை எழுதுங்கள். இன்றைய இளம் விமானிகள் குறைந்த மதிப்பெண் போட்டாலே துன்புறுத்தல் என்கிறார்கள். எங்களை யார் காப்பது?

பதில்: காப்பது உங்கள் குறிப்பேடுதான். நானும் பல ஆண்டுகள் பின்னிருக்கையில் அமர்ந்து தேர்வு நடத்தியவன். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டாலே முன்னிருப்பவரின் தோள் இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக எழுதாமல் இருக்க முடியாது. எழுதுவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இறுக்கம் குறையும்: நல்லதையும் எழுதுவேன், நேரத்தோடு எழுதுவேன், முடிந்ததும் காட்டுவேன்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-இல் வெளியிட்ட, ஆதாரத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சிக்கான கையேடு, விமானியின் திறன்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணால் காணக்கூடிய நடத்தைகளைப் பட்டியலிடுகிறது. "தலைமைப் பண்பு இல்லை" என்று எழுதினால் சண்டை வரும். "எரிபொருள் குறைவதைத் துணை விமானி இருமுறை சொல்லியும் கேப்டன் பதில் தரவில்லை" என்று எழுதினால், மறுப்பதற்கு அவரிடம் அதிகம் இருக்காது. ஒரே காணொளியைப் பல பயிற்றுநர்களுக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் தரும் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வழக்கமும் நல்ல நிறுவனங்களில் உண்டு. அதில் கலந்துகொள்ள மறுக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மீதுதான் முறையீடுகள் அதிகம் வருகின்றன என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எரிபொருள் எடுத்துக்காட்டை நான் சும்மா சொல்லவில்லை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரக் கோளாறில் மூழ்கியிருந்த கேப்டனிடம் மற்ற இருவரும் அழுத்தமாகச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததிலும், கேப்டனின் முடிவைத் தடுக்கும் அளவுக்குக் காக்பிட்டில் யாரும் குரல் உயர்த்தவில்லை. 1979-இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து வளர்ந்த குழு மேலாண்மைப் பயிற்சி, மேலதிகாரியிடம் தயங்காமல் பேசப் பழக்குவதையும் நோக்கமாகக் கொண்டது. காலையில் வகுப்பறையில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, மதியம் சிமுலேட்டரில் கேள்வி கேட்ட துணை விமானியை முறைக்கும் பயிற்றுநர், எந்தப் பாடத்தை உண்மையில் கற்பிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி எது, தேர்வு எது என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எதிராக வரும் முறையீடுகளில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியம் விடுபட்டதால் வருவது. பயிற்சி என்று நினைத்துத் துணிந்து ஒன்றை முயன்று பார்த்தவர், அதற்கே மதிப்பெண் குறைந்தது என்று பின்னால் அறியும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். உணர்வதில் தவறும் இல்லை. தேர்வின் நடுவே இயந்திரத்தை நிறுத்திவைத்து விரிவுரை நிகழ்த்துவதையும் தவிருங்கள். சொல்ல வேண்டியதைக் கலந்துரையாடலுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் முதலில் விமானியையே பேசவிடுங்கள்.

கேள்வி: அடுத்த தேர்வில் கைபேசியை மறைத்துவைத்துப் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். உங்கள் முறையீடு நியாயமாகவே இருந்தாலும், பேச்சு முழுவதும் அந்தக் கைபேசியைப் பற்றியதாக மாறிவிடும். அருகில் இருந்த விமானியின் குரலையும் அவர் அறியாமல் பதிந்தவர் ஆவீர்கள். பல சிமுலேட்டர்களில் கலந்துரையாடலுக்கென ஒலி-ஒளிப் பதிவு வசதி இருக்கிறது. பதிவு எவ்வளவு நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தேர்வுக்கு முன் நடக்கும் விளக்கத்திலேயே, மற்ற விமானி முன்னிலையில், அதை இயக்கும்படி கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விமானிகள் சங்கத்தின் பிரதிநிதியோ நிறுவனத்தின் வேறொரு பயிற்றுநரோ பார்வையாளராக அமரலாமா என்றும் பயிற்சிப் பிரிவுத் தலைவரிடம் எழுத்தில் கேட்கலாம். முன்பு ஒருமுறை முறையிட்டவர்களுக்குச் சில நிறுவனங்கள் இதற்கு இணங்குகின்றன.